நோயுள்ளவர்கள் நோயாளியாக நடிக்கக் கூடாது

எங்கள் ஊர் ஸ்டோனி லிக்கில் மருத்துவமனையை இழுத்து மூடிய பிறகு அந்தக் கட்டடத்தைச் சாமான் போட்டு வைக்கும் வாடகைக் கிடங்காக மாற்றிவிட்டார்கள். பிரசவ வார்டு இருந்த இடத்தில் இப்போது இரண்டு மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. யாருக்காவது நெஞ்சு வலித்தால் மலையைத் தாண்டி அடுத்த கவுண்டிக்கு, அதாவது பக்கத்து மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். இதையெல்லாம் யோசித்து, ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், எங்கள் சமுதாயக் கல்லூரி பிராக்டிகல் நர்ஸ் படிப்பைத் தொடங்கியது. நோயாளி படுக்க ஒரு கட்டில்கூட இல்லாத ஊரில் வருஷா வருஷம் நர்ஸுகளைத் தயாரித்து என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க நான் கர்ப்பிணியாக இருந்தேன். எனக்கு வயது அறுபத்திரண்டு, மீசை உண்டு. அந்த விவகாரத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வெர்லீன் ஸ்டிடம். எங்கள் மலைப் பாதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். நாற்பதைத் தாண்டியவள். ஒரு குளிர்காலக் காலையில் பஸ்ஸில் ஒரு சின்னப் பெண்ணுக்கு மூச்சுத் திணறல் வந்து உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் அலற, வெர்லீன் பஸ்ஸை நிறுத்தவும் தெரியாமல் ஓட்டவும் தெரியாமல் தவித்தாள். அந்தப் பெண்ணின் அக்கா புத்தகப் பையில் மருந்துக் குழாய் வைத்திருந்ததால் உயிர் பிழைத்தது. மறுவாரம் வெர்லீன் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

"இனிமே கையப் பெசஞ்சிக்கிட்டு நிக்க என்னால ஆகாது. இந்த மலையில யாராச்சும் ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்ல?" என்றாள்.

அவளோடு என் தங்கை மகள் டெல்சியும் சேர்ந்தாள். இந்தக் கதையில் பாதி டெல்சி எனக்குச் சொன்னது. மீதியை நானே கட்டிலில் படுத்தபடி பார்த்தேன்.

படிப்புக்குத் தலைமை டாக்டர் மெல்வினா ப்ரூயிட். மருத்துவ டாக்டர் அல்ல. செவிலியர் கல்வியில் புன்னகையின் பங்கு பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். முதல் நாள் மேடையேறி அவர் பேசியதை டெல்சி அப்படியே ஒப்பிப்பாள்.

"நர்ஸ் என்பவர் யார்? நோயாளியைத் தொடுபவரா? தொடுவதற்கு யாராலும் முடியும். எங்கள் கல்லூரி உங்களுக்குக் கற்பிக்கப் போவது தொடாமல் இருப்பதை. தொடாமல் இருக்க நன்றாகப் பழகியவர் கைக்குத்தான் ஒரு நாள் தொடும் தகுதி வரும். எங்களிடம் படித்தவர் கையால் இதுவரை ஒரு நோயாளிக்கும் தீங்கு நேர்ந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

அது உண்மைதான். அதுதான் முதல் பாட்ச்.

தினமும் காலையில் வெள்ளைக் காலணிச் சோதனை. எங்கள் ஊர்ச் சாலை பாதிக்கு மேல் சேறு. வெர்லீன் வீட்டிலிருந்து ரப்பர் பூட்ஸில் வந்து, காரிலேயே காலணியை மாற்றி, வாசலிலிருந்து நுனிக்காலில் நடந்து உள்ளே போவாள். பயிற்சி அறையில் கட்டில்களைச் சுற்றித் துணித் திரைதான். கதவு கிடையாது. இருந்தாலும் நோயாளியைப் பார்க்கப் போகுமுன் கதவைத் தட்ட வேண்டும்.

"கதவே இல்லியே மேடம், எதைத் தட்டறது?" என்று வெர்லீன் கேட்டாள்.

"தட்டற மனசு இருந்தா போதும். கையை மூணு தடவை காத்துல ஆட்டுங்க. சத்தத்தை வாயால குடுங்க," என்றார் டாக்டர் ப்ரூயிட்.

அன்றிலிருந்து வளர்ந்த மனுஷர்கள் எல்லாரும் திரைக்கு முன்னால் நின்று "டொக், டொக், டொக்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். கை கழுவும் தொட்டிக்குக் குழாய் இணைப்பு கிடையாது. தண்ணீர் வருவதாகப் பாவித்துக் கழுவ வேண்டும். யாரோ ஈரக் கையைத் துடைக்காமல் நகர்ந்தார் என்று ஒரு நாள் மதிப்பெண் குறைத்தார்கள்.

பரீட்சைகள் இன்னும் விசேஷம். ஒரு கேள்விக்கு நான்கு விடை. நான்கும் சரி. எது மிகச் சரி என்று சொல்ல வேண்டும். நோயாளி மூச்சு விட முடியவில்லை என்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்? நிமிர்த்தி உட்கார வைப்பது, ஆக்சிஜன் கொடுப்பது, உதவிக்குக் கூப்பிடுவது, 'மூச்சு விட முடியாமல் இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்பது. வெர்லீன் உட்கார வைத்தாள். அது சரி, ஆனால் மிகச் சரி இல்லை. அது உரையாடல் பாடத்தின் பரீட்சை, அதனால் கேட்பதுதான் மிகச் சரி.

"அவர் பதில் சொல்ல மூச்சு வேணாமா மேடம்?"

"அது இந்த வினாவுக்கு வெளியே இருக்கற விஷயம்."

முதல் செமஸ்டரில் எல்லாரும் பயின்றது ஹென்றி என்கிற பொம்மையை வைத்து. ஹென்றிக்கு நாடி துடிக்கும், கண் சிமிட்டும், இருமுவார். ஒரு நாள் பாடத்தின் நடுவே அவருடைய மென்பொருள் சந்தா காலாவதியாகி மூச்சு நின்றுபோனது. டாக்டர் ப்ரூயிட் கலங்கிவிட்டார். மாணவர்களுக்குத் துக்க ஆலோசனை வகுப்பு ஏற்பாடு செய்தார். அங்கே ஒவ்வொருவரும் ஹென்றியைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. "எதிர்த்துப் பேசாத மனுஷன்," என்றாளாம் டெல்சி.

ஹென்றி போன பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். மளிகைக் கடையிலும் தபால் நிலையத்திலும் சுவரொட்டி ஒட்டினார்கள். 'நோயாளியாக வாருங்கள்! நடியுங்கள்! மதிய உணவு உண்டு!' வருகிறவர்களுக்கு ஒரு கார்டு தருவார்கள். கார்டில் உள்ள நோய் உங்களுக்கு இருப்பதாக நடிக்க வேண்டும். கல்லூரி உணவகத்தில் அவரைச் சோறும் சோளரொட்டியும் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். கர்ப்பிணிக் கார்டு வந்தது. வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். மீசை பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விதிமுறையில் மீசை இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஆர்வில் காம்ஸ். முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவர். மனைவி போன பிறகு ஒரு நாயோடு மலை மடிப்பில் தனியாக இருக்கிறார். அவருக்கு மலச்சிக்கல் கார்டு.

வெர்லீன் திரைக்கு வெளியே நின்று டொக்கு டொக்கு சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே மதிப்பெண் போடும் அட்டையோடு பயிற்சியாளர் ஜூவெல் பிளான்டன். ஜூவெலை ஊரில் தெரியாதவர் கிடையாது. பழைய மருத்துவமனையில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவர். என் முதல் பையன் பிறந்தபோது அவன் அழுகிற வரைக்கும் குதிகாலைத் தட்டியவர் அவர்தான்.

"வணக்கம். என் பேர் வெர்லீன் ஸ்டிடம். நான் மாணவி நர்ஸ். உங்க முழுப் பேரும் பொறந்த தேதியும் சொல்ல முடியுமா?"

"ஏன் கண்ணு, என்னைத் தெரியலியா? எம் பேரன் ரெண்டு வருஷமா ஒன் பஸ்லதான வாந்தி எடுத்தான்."

"தெரியுது ஐயா. கேட்டாத்தான் மார்க்கு."

ஆர்வில் சொன்னார். பிறகு கார்டைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். "நாலு நாளா... வெளிக்கிப் போகல... வயிறு... உப்புசம்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்தார்.

"என்னங்கய்யா, கார்டைப் படிக்கவே இப்படி வாங்குது?"

"அது கார்டுல இல்ல கண்ணு. அது என்னோடது."

வெர்லீன் அவருடைய கால் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நான் பக்கத்துக் கட்டிலிலிருந்தே பார்த்தேன்.

"கொஞ்சம் படுத்துக்கிறீங்களா?"

"படுக்க முடியாதும்மா. படுத்தா ஆத்துல முக்கற மாதிரி இருக்கும். ஈஸ்டர்லேந்து நாக்காலியில உக்காந்துதான் தூங்கறேன்."

அந்த நேரம் பார்த்து டாக்டர் ப்ரூயிட் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் தட்டவில்லை.

"என்ன கண்டுபிடிச்சீங்க வெர்லீன்?"

"இவருக்கு நெஞ்சுல ஏதோ பெரிய கோளாறு இருக்கு மேடம். இதயமா இருக்கும்னு..."

"இதயம் அடுத்த செமஸ்டர்."

"காலு வீங்கியிருக்கு."

"கால் அதுக்கும் அடுத்தது. இந்த நோயாளிக்கு இப்ப அந்த வியாதி வர அனுமதி இல்ல. கார்டு என்ன சொல்லுது?"

ஆர்வில் பதறிப்போனார். "மேடம், நான் மலச்சிக்கல்தான். பாப்பா மேல தப்பில்ல. நான்தான் சரியா நடிக்கல."

"நோயாளியே ஒத்துக்கறார் பாருங்க," என்றார் டாக்டர் ப்ரூயிட்.

பூஜ்யம் போடச் சொன்னார். ஜூவெல் பேனாவை அட்டையில் வைத்துக்கொண்டு ஆர்வில் கணுக்காலில் இருந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போட்டார்.

மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் வெர்லீன் ஜூவெலை மடக்கினாள். கல்லூரிக்குள் மேடம், வெளியே வந்தால் அக்கா.

"அக்கா, நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்."

"என்னைவிட நல்லாத் தெரியும் உங்களுக்கு."

"தெரியும். தெரிஞ்சதைச் சொல்ல இங்க என்னை வெக்கல வெர்லீன். ஏற்கனவே ஒரு ஆஸ்பத்திரி என் கையவுட்டுப் போயிருச்சு. இதுவும் போனா நான் எங்க போவேன்?"

இரண்டு பேரும் அவரவர் காரில் ஏறிப் போனார்கள்.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. கல்லூரிக்குப் போனால் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் கால் மணி நேரம் பக்கத்தில் நின்று என்ன பண்ணுகிறது என்று கேட்கிறார். பல பேரிடம் யாரும் அப்படிக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. வாசலிலிருந்து கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. தாழ்வாரத்தில் கார்டு மாற்று வியாபாரமே நடந்தது. "எனக்குச் சக்கரை இருக்குங்க, கையில காது வலி கார்டு வந்திருச்சு. யார்கிட்டயாவது சக்கரைக் கார்டு இருக்கா?" என்று கூவிக்கொண்டு ஒரு பெண்மணி நடந்தார். டாக்டர் ப்ரூயிட் அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்துக் கல்லூரி இதழில் போட்டார். தலைப்பு, 'கலையில் பொங்கும் எங்கள் சமுதாயம்'.

யாரோ அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மறுவாரம் வாசலில் பெரிய எழுத்தில் அறிவிப்பு வந்தது. 'நோயுள்ளவர்கள் நோயாளியாக நடிக்கக் கூடாது.' வருகிறவர்கள் தமக்கு ஒரு வியாதியும் இல்லை என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். ஊரில் டாக்டர் இல்லையே என்று கேட்டதற்கு, அது சுகாதாரத் துறையின் பிரச்சினை, கல்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் ஆடு மாடு பார்க்கிற டாக்டர் ஒருவர் இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்தார். என் சான்றிதழில் குளம்புகள் நன்றாக இருப்பதாகப் போட்டிருந்தது. கல்லூரி ஏற்றுக்கொண்டது.

வெர்லீன் இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தாள். கார்டில் இருப்பதை மளமளவென்று கேட்டு முடித்துவிடுவாள். பிறகு திரையைச் சரியாக இழுத்து மூடிவிட்டுக் குனிந்து, "சரி, கார்டு ஆச்சு. இப்ப உங்களோடதைச் சொல்லுங்க," என்பாள். ரத்த அழுத்தம் பார்ப்பாள். உடனே மலை தாண்டிப் போக வேண்டியவர்களுக்குப் போகச் சொல்வாள். வண்டி இல்லாதவர்களைச் சனிக்கிழமைகளில் சர்ச் வேனை இரவல் வாங்கி அவளே ஏற்றிக்கொண்டு போவாள். கொஞ்ச நாளில் டெல்சியும் மற்றவர்களும் அதையே செய்தார்கள். ஜூவெல் அந்த நேரங்களில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மலையைப் பார்ப்பார். அவ்வளவு நேரம் மலையைப் பார்த்த மனுஷியை நான் கண்டதில்லை.

ஆர்வில் மட்டும் வேனில் ஏறவே மாட்டேன் என்றார்.

"போனா அங்கயே வெச்சுக்குவாங்க. நாய யாரு பாப்பா?"

"நான் பாத்துக்கறேங்கய்யா."

"அது என்னைத் தவிர யாரையும் கடிக்கும் கண்ணு."

இப்படி இருக்கும்போதுதான் அங்கீகாரக் குழு வருகிறது என்று சொன்னார்கள். தலைநகரிலிருந்து மூன்று பேர். அவர்கள் சரி என்றால்தான் படிப்புக்கு மதிப்பு. இல்லையென்றால் ஒருவராலும் மாநிலத் தேர்வு எழுத முடியாது. கல்லூரிக்கு வெள்ளையடித்தார்கள். தொட்டிக்குமேல் புதுக் குழாய் மாட்டினார்கள், தண்ணீர் இல்லாமல். ஹென்றியைத் துடைத்து, நடிப்பைக் கற்றுக்கொள்ள வந்தவர் மாதிரி ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

அன்று ஒரு வேனில் வந்த மூவரில் தலைவர் வெள்ளைத் தாடிக்காரர், கையில் குறிப்பு அட்டை. அவருக்குக் காட்ட டாக்டர் ப்ரூயிட் வெர்லீனைத்தான் நிறுத்தினார். மற்றவர்களைவிட அவள் பயப்படாமல் பேசுவாள் என்பது அவருக்கும் தெரியும். ஆர்வில் கார்டில் அன்றைக்கு எழுதியிருந்தது 'ஆரோக்கியமானவர், வருடாந்தரப் பரிசோதனை'.

டொக்கு டொக்கு ஆனது. வெர்லீன் பெயர் கேட்டாள். ஆர்வில் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூழ்குகிறவன் காற்றுக்குத் தவிக்கிற மாதிரி தவித்தார். நான் என் தலையணையைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"கார்டு, கார்டு. ஆரோக்கியம்," என்று டாக்டர் ப்ரூயிட் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அருமை. வியர்வைகூட எவ்வளவு நிஜமா இருக்கு!" என்றார் தாடிக்காரர்.

வெர்லீன் ஆர்வில் தோளைத் தாங்கி நிமிர்த்திக் காலைக் கீழே தொங்கவிட்டாள். சுவரோரம் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை டெல்சி உருட்டிக்கொண்டு வந்தாள். திருகினால் ஒன்றும் வரவில்லை. அது பாடத்துக்கு வைத்தது. சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தாள். அதுவும் பாடத்துக்கு வைத்ததுதான். என் கைபேசியை எடுத்து அவசர எண்ணுக்கு அடித்தேன். கவுண்டியில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போயிருந்தது.

"மேடம், இது நெசம். நிறுத்துங்க," என்றாள் வெர்லீன்.

"பாத்திரத்தை விட்டு வெளிய வராதீங்க வெர்லீன்," என்றார் டாக்டர் ப்ரூயிட். அவர் உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணில் சிரிப்பில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

வெர்லீன் தாடிக்காரரிடம் கையை நீட்டினாள். "உங்க வேன் சாவியக் குடுங்க."

"ஆகா!" என்றார் தாடிக்காரர். "என்னையும் சேத்துக்கறாங்களா!" சந்தோஷமாகச் சாவியை எடுத்துக் கொடுத்தார். குறிப்பு அட்டையில் ஏதோ எழுதினார்.

அப்போதுதான் ஜூவெல் அசைந்தார். மதிப்பெண் அட்டையைக் கட்டிலில் போட்டார். "வெர்லீன், அந்தப் பக்கம் பிடி. டெல்சி, பின்னாடி ஸீட்டைச் சாய்க்காதே, நிமிந்தே இருக்கட்டும். நான் கூட வரேன்." பழைய மருத்துவமனையில் கேட்ட குரல் அது. நாலு பேராக ஆர்வில்லை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து அதோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் கர்ப்பிணி என்பதை மறந்துவிட்டேன். தலையணை வாசல்படியில் விழுந்தது. பின்னால் அங்கீகாரக் குழு எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது.

வெர்லீன் அந்த மலைப் பாதையை ஓட்டிய வேகத்தைப் பற்றி டெல்சி இன்றைக்கும் பேச மாட்டாள். ஆர்வில் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் உயிர் நின்றிருக்காது என்று அங்கே சொன்னார்களாம். உடம்பில் கட்டியிருந்த நீரை வடித்தார்கள். மார்பில் சின்னக் கருவி ஒன்றை வைத்துத் தைத்தார்கள். நாயை நான் பார்த்துக்கொண்டேன். கடித்தது.

சாவி திரும்பி வருகிற வரைக்கும் அங்கீகாரக் குழு உணவகத்தில் காத்திருந்தது. மூவரும் மிக உயர்ந்த மதிப்பெண் போட்டார்கள். 'எதிர்பாராத வளங்களைத் திரட்டுதல்' என்று தனியே பாராட்டு வேறு.

இரண்டு வாரம் கழித்து வெர்லீனை ஒழுக்க விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அனுமதியின்றி நிஜ நோயாளியைக் கவனித்தது, பாத்திரத்தைக் கைவிட்டது, குழுவின் வேனை எடுத்துச் சென்றது என்று மூன்று குற்றம். ஊரார் பாதிப் பேர் வந்து நாற்காலி இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் டாக்டர் ப்ரூயிட் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவர் குரல் ரொம்ப இதமாக இருந்தது.

"வெர்லீன், உங்களைத் தண்டிக்க எங்களுக்கு ஆசையே இல்லை. நடந்தது முழுக்க முன்னேற்பாடு செய்த நடிப்பு என்று நீங்கள் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும். குற்றங்கள் போய்விடும். இந்த ஆண்டின் சிறந்த நடிப்புப் பயிற்சி விருதும் உங்களுக்குத்தான். நிஜம் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் அங்கீகாரம் கேள்விக்குறியாகும். உங்கள் தோழிகள் அத்தனை பேரின் படிப்பும் வீணாகும். யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் யார் விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்குவது என்று எல்லா நர்ஸும் கிளம்பிவிட்டால், இந்தத் தொழிலுக்கு என்ன மரியாதை இருக்கும்? அப்புறம் எங்களிடம் எதற்குப் படிக்க வேண்டும்?"

வெர்லீன் டெல்சியையும் மற்றவர்களையும் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வாழ்க்கையும் அந்த மேசைமேல் இருந்தது. டெல்சி தலையை மட்டும் ஆட்டினாள், எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று.

"நடிப்புன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கி இன்னொருத்தர் விழும்போதும் நீங்க எல்லாரும் கை தட்டிக்கிட்டு நிப்பீங்க மேடம். எழுத மாட்டேன்," என்றாள் வெர்லீன்.

"நிஜம் என்பதற்கு என்ன ஆதாரம்?"

சுவரோரத்திலிருந்து ஆர்வில் முன்னால் வந்தார். இளைத்திருந்தார், ஆனால் மூச்சு வாங்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, காறை எலும்புக்குக் கீழே இருந்த புதுத் தையலையும் தோலுக்கடியில் புடைத்திருந்த கருவியையும் காட்டினார்.

"மேக்கப்பு எப்படி இருக்கு மேடம்?"

கூட்டம் சிரித்துச் சிரித்து அடங்கவில்லை. டாக்டர் ப்ரூயிட் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். உள்ளே அரை நாள் கூடிப் பேசினார்கள். அங்கீகாரக் குழுவுக்கும் போன் போட்டார்கள். எதிரில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தபோது கை தட்டினோம் என்று பதிவாவதில் அவர்களுக்கும் இஷ்டமில்லை. ஆகவே அங்கீகாரம் அப்படியே இருக்கும். அன்று நடந்தது நிஜமா நடிப்பா என்பது உறுதி செய்யப்படவில்லை. வெர்லீன் மட்டும் மலச்சிக்கல் பாடத்தில் பூஜ்யம் வாங்கியிருப்பதால் மறுதேர்வு எழுத வேண்டும். அதே நோயாளி. அதே கார்டு. தேறாவிட்டால் வெளியே.

மறுதேர்வு நடந்த காலையில் மற்றவர்களுக்கும் கடைசிச் செய்முறைத் தேர்வு இருந்தது. நாங்கள் எல்லாரும் கார்டோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். திரை பாதி திறந்திருந்தது. வெர்லீன் நேராக உள்ளே போனாள். வாயால் தட்டவில்லை.

"என்ன பண்ணுதுங்கய்யா?"

ஆர்வில் கார்டைப் பார்த்தார், டாக்டர் ப்ரூயிட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நாலு நாளா வெளிக்கிப் போகலன்னு இதுல போட்டிருக்கு கண்ணு."

"உங்களுக்கு?"

"எனக்கா? நெசத்தச் சொல்லவா? ஒண்ணும் பண்ணல. நேத்து ராத்திரி படுக்கையில படுத்துத் தூங்கினேன்."

வெர்லீன் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. நாடி பார்த்தாள். அவர் கையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, "இவர் நல்லா இருக்கார்," என்றாள்.

"கார்டில் உள்ள நோயைக் கண்டுபிடிக்கவில்லை. பூஜ்யம். எழுதுங்கள் ஜூவெல்," என்றார் டாக்டர் ப்ரூயிட்.

ஜூவெல் எழுதினார். டாக்டர் ப்ரூயிட் எட்டிப் பார்த்தார். முழு மதிப்பெண்.

"என்ன இது? இது விதிக்கு விரோதம்!"

"தேர்வாளர் நான். கையெழுத்து என்னோடது. அவர் நல்லா இருக்கார் மேடம், பாத்தாலே தெரியுது," என்றார் ஜூவெல். "நான் நர்ஸு. எனக்குத் தெரியும்." கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். தன் சொந்த ரத்த அழுத்தக் கருவியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். வெர்லீன் ஆர்வில்லுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டு ஜூவெல் பின்னால் போனாள். டெல்சி போனாள். நாங்களும் எழுந்தோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஜூவெல் தன் காரின் முன்பக்கத்தில் கருவியை வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். வெர்லீன் பக்கத்தில் நின்றாள். சொல்லாமலே வரிசை உண்டாகிவிட்டது. சக்கரைக்காரப் பெண்மணிதான் முதல் ஆள்.

டாக்டர் ப்ரூயிட் வாசல்படியில் வந்து நின்று, இது அனுமதிக்கப்பட்ட இடமல்ல, நோயுள்ளவர்கள் உடனே கலைய வேண்டும் என்று உரக்க அறிவித்தார். ஒருவரும் நகரவில்லை. அவர் வரிசையில் கடைசியாக நின்ற என்னிடம் வந்தார்.

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"கோவிச்சுக்காதீங்க மேடம்," என்றேன். "நாங்க யாரும் இங்க நிக்கல. நிக்கற மாதிரி நடிக்கிறோம்."